புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டாச்சு, மானிட்டரில் படம் வரவில்லையா?

கடையிலிருந்து கிராபிக்ஸ் கார்டை வாங்கி வந்து, கேபினட்டைத் திறந்து, ஸ்லாட்டில் செருகி, ஸ்க்ரூவையும் முறுக்கிவிட்டீர்கள். ஆசையோடு பவர் பட்டனை அழுத்துகிறீர்கள். ஃபேன் சுற்றுகிறது. கார்டில் விளக்கு எரிகிறது. ஆனால் மானிட்டரில் ‘நோ சிக்னல்’ என்று ஒரு வரி வந்து, சில வினாடிகளில் அதுவும் மறைந்து, திரை கறுப்பாகி விடுகிறது. உடனே நமக்குத் தோன்றுவது, “கார்டு அவுட்! கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்” என்பதுதான்.

அவசரப்பட்டு கார்டைக் கழற்ற வேண்டாம். பல வருடங்களாக வீடுகளுக்குப் போய் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறேன். ‘புதுக் கார்டு வேலை செய்யவில்லை’ என்று என்னை அழைத்த இடங்களில் பெரும்பாலும் கார்டு நன்றாகவே இருந்தது. கோளாறு அதற்கு வெளியேதான் எங்கோ இருந்தது. பிராசசரிலிருந்து ஸ்லாட், ஸ்லாட்டிலிருந்து கார்டு, கார்டிலிருந்து கேபிள், கேபிளிலிருந்து மானிட்டர் என்று படம் ஒரு பாதையில் பயணம் செய்கிறது. இந்தப் பாதை எங்கே அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. செலவில்லாத சோதனைகளை முதலில் செய்வோம். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகுதான்.

எப்போது படம் போகிறது?

எதையும் தொடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததிலிருந்தே ஒன்றும் வரவில்லையா? அல்லது மதர்போர்டு நிறுவனத்தின் லோகோ வந்து, விண்டோஸ் திறக்கும் நேரத்தில் திரை கறுப்பாகிறதா? அல்லது எல்லாம் ஒழுங்காக வந்து, கேம் ஆரம்பித்த பிறகு போகிறதா? மூன்றும் வேறு வேறு நோய்கள். முதல் வகை என்றால் கேபிள், பவர், பயாஸ் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டாவது வகை பெரும்பாலும் டிரைவர் கோளாறு. மூன்றாவதில் முதலில் பார்க்க வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.

முதல் வகையில் பலர் டிரைவர் போடவில்லையே என்று கவலைப்படுகிறார்கள். டிரைவர் இல்லாமலேயே லோகோவும் பயாஸ் திரையும் வந்தாக வேண்டும். விண்டோஸும் அடிப்படை டிரைவர் ஒன்றைத் தானே போட்டுக்கொண்டு, தெளிவு குறைவாகவாவது படம் காட்டும். எனவே ஆன் செய்த நொடியிலிருந்தே திரை கறுப்பு என்றால் டிரைவரை மறந்துவிடுங்கள்.

அடுத்து, கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்போம். ஆன் செய்து இரண்டு நிமிடம் கழித்து கீபோர்டில் நம் லாக் கீயை அழுத்துங்கள். விளக்கு எரிந்து எரிந்து அணைந்தால் கம்ப்யூட்டர் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, படம் மட்டும் வெளியே வரவில்லை என்று அர்த்தம். இது நல்ல செய்தி. விளக்கு அசையவே இல்லை என்றால் கம்ப்யூட்டர் தொடக்கத்திலேயே நின்றுவிட்டிருக்கலாம். ஆனால் டி.டி.ஆர்.5 ரேம் உள்ள புதிய மதர்போர்டுகள், முதல் முறை ஆன் செய்யும்போது ரேமைச் சோதித்துப் பழக்கிக்கொள்ள சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமை இல்லாமல் பட்டனை அழுத்தி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

கேபிள் எங்கே செருகியிருக்கிறது?

கேபினட்டின் பின்புறம் போய்ப் பாருங்கள். டவர் நிமிர்ந்து நிற்கும்போது, மேல் பகுதியில் யு.எஸ்.பி., ஆடியோ எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டமாக இருக்கும். அது மதர்போர்டின் இடம். அங்கேயும் ஒரு எச்.டி.எம்.ஐ. போர்ட் இருக்கும். அதற்குக் கீழே, படுக்கைவசமாக நீண்ட தகட்டில் இருப்பவைதான் புதிய கார்டின் போர்ட்கள். மானிட்டர் கேபிள் இந்தக் கீழ்ப் பகுதிக்கு மாற வேண்டும். பழக்க தோஷத்தில் பழைய இடத்திலேயே செருகிவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. கார்டைச் செருகியதும் பல மதர்போர்டுகள் தங்கள் சொந்தப் படப் போர்ட்களை மூடிவிடும். அதனால்தான் நேற்று வரை படம் காட்டிய போர்ட் இன்று ஊமையாகிவிடுகிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். எல்லா பிராசசரிலும் படம் தரும் பகுதி இருக்காது. இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ என்று இருந்தால், உதாரணமாக ஐ5-12400எஃப், அதில் கிராபிக்ஸ் பகுதி கிடையாது. ஏ.எம்.டி. ரைசன் 5 5600 போன்றவற்றிலும் கிடையாது. இத்தகைய பிராசசர் இருந்தால் மதர்போர்டின் எச்.டி.எம்.ஐ. போர்ட் வெறும் அலங்காரம்தான். கார்டைக் கழற்றிவிட்டு அதில் மானிட்டரை மாட்டி, “இதிலும் வரவில்லையே, மதர்போர்டும் போய்விட்டது” என்று பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பில்லில் பிராசசரின் முழுப் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மானிட்டரின் மெனு பட்டனை அழுத்தி, இன்புட் எதில் இருக்கிறது என்று பாருங்கள். கேபிளை டிஸ்ப்ளே போர்ட்டில் மாட்டிவிட்டு மானிட்டர் எச்.டி.எம்.ஐ.யில் காத்திருந்தால் எப்படிப் படம் வரும்? புதிய கார்டுகளில் போர்ட்களின் மேல் சின்ன பிளாஸ்டிக் மூடிகள் போட்டு வருவதுண்டு. அவற்றைக் கழற்றினீர்களா என்றும் பாருங்கள். ஒரு போர்ட்டில் வராவிட்டால் கார்டின் மற்ற போர்ட்களிலும் மாற்றிப் பாருங்கள். மானிட்டரின் மேலேயே சந்தேகம் என்றால் வீட்டு டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. கேபிளை மாட்டிப் பார்க்கலாம்.

கன்வெர்ட்டர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் இன்னும் நீல நிற வி.ஜி.ஏ. போர்ட் மட்டுமே உள்ள பழைய மானிட்டர்கள் இருக்கின்றன. புதிய கார்டுகளில் அந்த வகை சிக்னலே கிடையாது. என்விடியா 2016ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1080 கார்டிலிருந்து அதை விட்டுவிட்டது. ஏ.எம்.டி. 2013ல் வந்த ஆர்9 290லேயே விட்டுவிட்டது. எனவே டி.வி.ஐ. போர்ட்டில் மாட்டும் சாதாரண வி.ஜி.ஏ. முனை, அது மாட்டிக்கொண்டாலும் படம் தராது. உள்ளே சிப் உள்ள கன்வெர்ட்டர்தான் வேண்டும். அதேபோல, ஒரு முனையில் டிஸ்ப்ளே போர்ட்டும் மறு முனையில் எச்.டி.எம்.ஐ.யும் உள்ள கேபிள் ஒருவழிப் பாதை. கார்டின் பக்கம் டிஸ்ப்ளே போர்ட், மானிட்டர் பக்கம் எச்.டி.எம்.ஐ. என்றால் வேலை செய்யும். திருப்பி மாட்டினால் செய்யாது. கடையில் கேட்டால் “ரெண்டு பக்கமும் ஓடும் சார்” என்பார்கள். நம்ப வேண்டாம்.

இனி கேபினட்டைத் திறக்கலாம்

ஷட்டவுன் செய்து, சுவரில் சுவிட்சை அணைத்து, பவர் கார்டை எஸ்.எம்.பி.எஸ்.சிலிருந்து உருவிவிடுங்கள். பிறகு பவர் பட்டனை 10 வினாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் கார்டின் சிப்களுக்கு ஆகாது.

கார்டு ஸ்லாட்டில் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லாட்டின் முனையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கொக்கி இருக்கும். கார்டு சரியாக இறங்கினால் ‘டக்’ என்று அது மூடிக்கொள்ளும். பின்பக்கத் தகடு கேபினட்டில் இடித்துக்கொண்டு, கார்டின் ஒரு முனை மட்டும் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். கண்ணுக்கு உட்கார்ந்த மாதிரியே தெரியும். ஸ்க்ரூவைத் தளர்த்தி, கார்டை முழுவதும் வெளியே எடுத்து, நேராக அழுத்தி மறுபடி செருகி, கொக்கி மூடிய பிறகு ஸ்க்ரூவை முறுக்குங்கள். ஸ்க்ரூ முறுக்கும்போது கார்டு மறுபடி மேலே எழும்புகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீளமான ஸ்லாட் இரண்டு இருந்தால் பிராசசருக்கு அருகில் உள்ள மேல் ஸ்லாட்டையே பயன்படுத்துங்கள். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் பழைய பதிப்பு ஸ்லாட்டில் புதிய பதிப்பு கார்டு வேலை செய்யும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். (ஏ.ஜி.பி. காலத்தில் வோல்டேஜ் மாறுபட்ட கார்டை மாட்டி போர்டையே கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. அந்தத் தொல்லை இப்போது இல்லை.) ஒரே விதிவிலக்கு, கார்டை நிமிர்த்தி நிறுத்துவதற்காகப் போடும் ரைசர் கேபிள். அது 3ஆம் பதிப்புக்கானது, கார்டும் போர்டும் 4ஆம் பதிப்பு என்றால் படம் வராமல் போகலாம். ரைசரை எடுத்துவிட்டு நேரடியாக ஸ்லாட்டில் மாட்டிப் பாருங்கள்.

கார்டை எடுத்து வைக்கும்போது கை பட்டு ரேம் தளர்ந்திருக்கலாம். அதையும் ஒரு முறை கழற்றி மாட்டிவிடுங்கள்.

பவர்: பணத்தையும் காக்கும், கார்டையும் காக்கும்

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். மற்ற கோளாறுகளில் நேரம்தான் போகும். இதில் தவறினால் கம்ப்யூட்டரே போகும்.

பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் நீள ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் தரும். கார்டுக்கு அதற்கு மேல் தேவை என்றால் எஸ்.எம்.பி.எஸ்.சிலிருந்து தனி வயர் வர வேண்டும். 6 பின் கனெக்டர் 75 வாட், 8 பின் கனெக்டர் 150 வாட் தரும். 2022க்குப் பிறகு வந்த பெரிய கார்டுகளில் 16 பின் கொண்ட சின்ன கனெக்டர் இருக்கிறது. அது 600 வாட் வரை தாங்கும். கார்டின் மேல் விளிம்பில் இப்படி ஒரு கனெக்டர் காலியாக இருந்தால் படம் வராது. ஃபேன் மட்டும் சுற்றும். சில கார்டுகள் ‘பவர் வயரை மாட்டுங்கள்’ என்று திரையிலேயே எழுதிக் காட்டும். சில கார்டுகளில் கனெக்டருக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும்.

எஸ்.எம்.பி.எஸ்.சில் 8 பின் வயர்கள் இரண்டு வகை இருக்கும். ஒன்று பிராசசருக்கு, நான்கும் நான்குமாகப் பிரியும். மற்றது கிராபிக்ஸ் கார்டுக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரியும். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் உள்ளே 12 வோல்ட்டும் எர்த்தும் இடம் மாறி இருக்கும். எளிதில் போகாத கனெக்டரை பலம் கொண்டு அழுத்தாதீர்கள். கழற்றி மாட்டும் வயர்கள் உள்ள எஸ்.எம்.பி.எஸ். வைத்திருந்தால், வேறு எஸ்.எம்.பி.எஸ்.சுக்கு வந்த வயரை எடுத்து இதில் மாட்டவே கூடாது. எஸ்.எம்.பி.எஸ். பக்க முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பதற்குப் பொதுவான விதி கிடையாது. முனை அழகாகப் பொருந்தும், ஆன் செய்ததும் புகை வரும்.

16 பின் கனெக்டரை இடைவெளி தெரியாமல் முழுவதும் அழுத்தி மாட்டுங்கள். 2022ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகள் சிலவற்றில் இந்த முனை உருகியதாகச் செய்திகள் வந்தன. முழுவதும் உட்காராததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

சரி, வயர் இருக்கிறது. எஸ்.எம்.பி.எஸ். போதுமா? கேபினட்டோடு சேர்ந்து வரும் மலிவு எஸ்.எம்.பி.எஸ்.களில் ‘450 வாட்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். அந்த எண்ணைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டு ஸ்டிக்கரில் +12 வோல்ட் என்ற கட்டத்தில் எத்தனை ஆம்ப்ஸ் என்று பாருங்கள். அதை 12 ஆல் பெருக்குங்கள். 16 ஆம்ப்ஸ் என்றால் 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டில்தான் உயிர் வாழ்கின்றன. 65 வாட் பிராசசரும் 170 வாட் கார்டும் இந்த 192க்குள் எப்படி அடங்கும்? ‘450’ என்ற எண் கடையில் விற்பதற்காக எழுதியது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரரின் கதை இதற்கு நல்ல உதாரணம். திருமண வீடியோ எடிட்டிங் செய்பவர். ஆஃபீஸ்களில் ஓடிய பழைய டவர் கம்ப்யூட்டர் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தார். எடிட்டிங் வேகமாக நடக்க, ஆன்லைனில் ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டு ஒன்றைக் கடன் வாங்கி வாங்கினார். அந்த கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். 240 வாட். கிராபிக்ஸ் கார்டுக்கான வயரே அதில் கிடையாது. பக்கத்துக் கடையில், இரண்டு சாட்டா பவர் முனைகளை ஒன்றாக்கி 8 பின்னாக மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் கொடுத்தார்கள். மாட்டினார். ஃபேன் சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. படம் இல்லை. கார்டைத் திருப்பி அனுப்ப 10 நாள் கெடு. என்னை அழைத்தது எட்டாவது நாள். முகூர்த்த மாதம் வேறு, நான்கு கல்யாண ஆல்பங்கள் காத்துக்கொண்டிருந்தன.

பவரை அணைத்துவிட்டு அந்த சாட்டா முனையைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. பிளாஸ்டிக் லேசாக இளகியிருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்காக உருவான சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை ஆம்ப்ஸ். மொத்தம் 54 வாட்தான் தாங்கும். இரண்டைச் சேர்த்தாலும் 108. 8 பின் கனெக்டரோ 150 வாட் வரை கேட்கலாம். போதாததற்கு அந்த இரண்டு முனைகளும் ஒரே வயரில் தொங்கிக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் முனை உருகியிருக்கும். உருகிய தடம் உள்ள கார்டை எந்தக் கடையும் திரும்ப வாங்காது.

கார்டைக் கொண்டுவந்து 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். உள்ள என் கம்ப்யூட்டரில் மாட்டினேன். உடனே படம் வந்தது. கார்டு நல்ல கார்டு, போன வீடுதான் சரியில்லை. “அப்படியானால் எஸ்.எம்.பி.எஸ்.சை மாற்றிவிடலாமே” என்றார். அவருடைய மதர்போர்டில் பவர் முனை வழக்கமான 24 பின் இல்லை. அந்த நிறுவனமே வைத்துக்கொண்ட 6 பின். சாதாரண எஸ்.எம்.பி.எஸ். அதில் நேரடியாகச் சேராது. கடைசியில் ஒன்பதாவது நாள் கார்டைத் திருப்பி அனுப்பிவிட்டு, 70 வாட் மட்டுமே எடுக்கும், தனி பவர் வயர் தேவைப்படாத ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. கார்டு வாங்கினார். 3060 அளவுக்கு வேகம் இல்லைதான். ஆனால் அன்று இரவே ஆல்பம் வேலை ஓடியது, மீதிப் பணத்தில் கடனில் ஒரு பகுதியும் அடைந்தது.

ஆஃபீஸ் கம்ப்யூட்டரைப் பழையதாக வாங்கி கார்டு போட நினைப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். மிகச் சிறிய கேபினட் உள்ள சில மாடல்களில் ஸ்லாட் முழு 75 வாட்டையும் தருவதில்லை. கார்டு வாங்கும் முன் மேனுவலில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள்.

போர்டு என்ன சொல்கிறது?

இப்போதைய பல மதர்போர்டுகளில் ஓர் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். பக்கத்தில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று எழுதியிருக்கும். ஆன் செய்ததும் ஒவ்வொன்றாக எரிந்து அணைய வேண்டும். எதில் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். வி.ஜி.ஏ.யில் நின்றால் கார்டு, அதன் ஸ்லாட், பவர் இவற்றைப் பாருங்கள். டிராமில் நின்றால் கார்டைத் திட்டாதீர்கள், ரேமைக் கழற்றி மாட்டுங்கள். விளக்கு இல்லாத போர்டில் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை மாட்டினால் பீப் ஒலி கேட்கும். அவார்ட் பயாஸில் ஒரு நீண்ட பீப்பும் இரண்டு குறும் பீப்பும் வந்தால் படம் தரும் பகுதியில் கோளாறு. மற்ற பயாஸ்களுக்குக் கணக்கு மாறும், மேனுவலில் பாருங்கள்.

பயாஸ் செட்டிங்

பிராசசரில் கிராபிக்ஸ் பகுதி இருந்தால் வேலை எளிது. கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டரை மதர்போர்டில் மாட்டி பயாஸுக்குள் போங்கள். ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் திறக்கும். அதில் ‘ப்ரைமரி டிஸ்ப்ளே’ அல்லது ‘இனிஷியல் டிஸ்ப்ளே அவுட்புட்’ என்ற பெயரில் ஒரு வரி இருக்கும். அது பிராசசர் கிராபிக்ஸ் என்று கட்டாயமாக வைக்கப்பட்டிருந்தால் கார்டுக்குப் படம் போகாது. ஆட்டோ அல்லது பி.இ.ஜி. என்று மாற்றி சேவ் செய்யுங்கள்.

அங்கே போக முடியாதவர்கள் சீமாஸை அழிக்கலாம். அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 11 உள்ள பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க், பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கும். உங்களுக்கே தெரியாமல்கூட அது ஆன் ஆகியிருக்கலாம். பயாஸை மாற்றினாலோ அழித்தாலோ, அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கலாம். அது இல்லாவிட்டால் போட்டோ, ஃபைல் எதையும் மீட்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் அந்த எண் இருக்கும். மொபைலில் திறந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பயாஸைத் தொடுங்கள். இதைச் சொல்லாமலேயே பேட்டரியைக் கழற்றச் சொல்பவர்கள் அதிகம்.

பவர் கார்டை உருவிவிட்டு, மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சி.ஆர்.2032 பேட்டரியை எடுத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். பயாஸ் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். பேட்டரி பல வருடம் பழையது என்றால் புதியதையே போட்டுவிடுங்கள். ஆன் செய்ததும் சில நிமிடம் காத்திருக்க மறக்காதீர்கள்.

நண்பர் கொடுத்த பழைய கார்டை புதிய போர்டில் போடுபவர்களுக்கு வேறொரு சிக்கல் வரும். 2012க்கு முந்தைய பல கார்டுகளுக்கு யு.இ.எஃப்.ஐ. எனும் புதிய முறை புரியாது. பழைய முறையை அனுமதிக்கும் சி.எஸ்.எம். என்ற வசதி பயாஸில் ஆஃப் ஆகியிருந்தால் விண்டோஸ் வரும் வரை, சில சமயம் வந்த பிறகும், திரை கறுப்புதான். சி.எஸ்.எம். வசதியே இல்லாத போர்டுகளும் இப்போது உண்டு. அவற்றில் அந்தக் கார்டோடு மல்லுக்கட்டுவதில் பயன் இல்லை.

கார்டின் உள்ளே உள்ள மென்பொருளிலேயே கோளாறு இருந்ததும் உண்டு. டிஸ்ப்ளே போர்ட் 1.3, 1.4 மானிட்டர்களில் தொடக்கத் திரை வராத சிக்கலுக்காக 2018ல் என்விடியா ஒரு அப்டேட் கருவியை வெளியிட்டது. ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ., 5060 கார்டுகளில் ரீஸ்டார்ட் செய்தால் திரை கறுப்பாகும் புகாருக்காக 2025ல் இன்னொன்றை வெளியிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் டிஸ்ப்ளே போர்ட்டை விட்டு எச்.டி.எம்.ஐ.யில் மாட்டி, எப்படியாவது விண்டோஸுக்குள் போய், மதர்போர்டு பயாஸையும் கார்டின் அப்டேட்டையும் போட வேண்டும். பயாஸ் அப்டேட் நடக்கும்போது கரன்ட் போனால் போர்டே செத்துவிடும். யு.பி.எஸ். இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

லோகோ வந்து, பிறகு போனால்?

முதலில் விண்டோஸ் கீயோடு கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகியவற்றைச் சேர்த்து அழுத்துங்கள். ஒரு ‘பீப்’ கேட்டு டிரைவர் மறுபடி தொடங்கும். படம் வேறு மானிட்டருக்குப் போகிறதோ என்று சந்தேகம் இருந்தால் விண்டோஸ் கீயும் பி கீயும் அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் பலன் இல்லை என்றால், விண்டோஸ் திறக்கும் நேரத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் ரெகவரித் திரை தானாக வரும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், ரீஸ்டார்ட் கொடுத்து, 4 என்ற எண்ணை அழுத்தினால் சேஃப் மோட் திறக்கும். பழைய கார்டின் டிரைவரை நீக்கிவிட்டு, புதிய டிரைவரை என்விடியா, ஏ.எம்.டி. அல்லது இன்டெல் தளத்திலிருந்தே இறக்கிப் போடுங்கள். பெட்டியில் சி.டி. இருந்தால் அதைத் தூக்கி ஓரமாக வையுங்கள். அதில் உள்ளது கார்டு பெட்டிக்குள் போன நாளின் டிரைவர்.

கேம் ஓடும்போது மட்டும் படம் போகிறது என்றால் மேலே சொன்ன 12 வோல்ட் கணக்கை மறுபடி போடுங்கள். வீட்டு 600 வி.ஏ. யு.பி.எஸ். பல மாடல்களில் 360 வாட்தான் தாங்கும் என்பதையும் அதோடு சேர்த்துப் பாருங்கள். கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் ஒரே வயரின் இரண்டு முனைகளை மாட்டாமல், இரண்டு தனி வயர்களை மாட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் வரவில்லையா?

இப்போது கார்டைச் சந்தேகிக்கலாம். போதுமான எஸ்.எம்.பி.எஸ். உள்ள ஒரு நண்பரின் கம்ப்யூட்டரில் உங்கள் கார்டை மாட்டுங்கள். அவருடைய கார்டை, உங்கள் எஸ்.எம்.பி.எஸ். அதைத் தாங்கும் என்றால் மட்டும், உங்கள் கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். உங்கள் கார்டு அங்கேயும் ஊமை, அவருடையது இங்கே பேசுகிறது என்றால் முடிவு தெரிந்துவிட்டது. இரண்டு கார்டும் உங்கள் கம்ப்யூட்டரில் ஊமை என்றால் கார்டைத் திருப்பி அனுப்பிப் பயனில்லை. போர்டையோ எஸ்.எம்.பி.எஸ்.சையோ சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பில்லைப் பார்த்து, அது முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். கெடு தாண்டினால் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்தான், அங்கே வாரக்கணக்கில் ஆகலாம். கார்டின் பின்புறத்தில் உள்ள சீரியல் எண்ணையும், பவர் முனையையும், தங்க நிறப் பின்களையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு “எரிந்த தடம் இருக்கிறது” என்று சொன்னால் காட்டலாம். வாரன்டி ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டாம், ஹீட் சிங்க்கைக் கழற்ற வேண்டாம். கார்டை அதே உறையில், அதே பெட்டியில் வையுங்கள். எந்த கம்ப்யூட்டரில், எந்த எஸ்.எம்.பி.எஸ்.சில், எந்தக் கேபிளில் சோதித்தீர்கள், போர்டில் எந்த விளக்கு எரிந்தது என்று நாலு வரி எழுதி பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். “டிஸ்ப்ளே வரவில்லை” என்று மட்டும் எழுதி வரும் கார்டை விட, இப்படி எழுதி வரும் கார்டுதான் சர்வீஸ் மேஜையில் சீக்கிரம் நகர்கிறது.